ஏறும்போது மட்டும் எண்ணு

‘வேலை செய்யல’ என்று போனில் ஒருவர் சொன்னால், எது வேலை செய்யவில்லை என்று அவருக்கே கண்டுபிடித்துச் சொல்வதுதான் எங்கள் தொழில். பத்து வருடம் அதைச் செய்தேன். குமுளி கடைவீதியில் ஒரு மாடி, அதில் இரண்டு மேஜை, இரண்டு போன். ஏலக்காய்க் கடைகளும் காய் உலர்த்தும் ஸ்டோர்களும் சரக்கு இருப்பு பார்க்க, பில் போட, லேபிள் அடிக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். அதை எழுதுகிறவர்கள் கொச்சியில் ஏசி அறையில் இருந்தார்கள். அது நின்றுபோனால் திட்டு வாங்குகிறவர்கள் குமுளியில் இருந்தோம். ஒரு மேஜையில் முத்துலட்சுமியாகிய நான். அடுத்த மேஜையில் ஜெசி, வண்டிப்பெரியாறுப் பெண், என்னைவிட ஏழு வயது சின்னவள்.

கல்லூரியில் நான் படித்தது புரோக்ராம் எழுத. கிடைத்த வேலை போனில் பேச. அந்தப் போனைக் கீழே வைத்துவிட்டு எப்படிப் புரோக்ராம் எழுதப் போனேன் என்பதைச் சொல்லப்போகிறேன். திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டே வயிறு பிழைக்கிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே நடந்திருக்கும். மீதிப் பாதி சீக்கிரம் நடக்கட்டும்.

மூன்று மணி நோய்

கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒருவர் தினமும் மாலை மூன்று மணிக்குக் கூப்பிடுவார். “கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சும்மா.” மூன்றே முக்காலுக்குத் தானாகவே சரியாகிவிடும். கரண்ட் பார்த்தோம், வயர் மாற்றினோம், கொச்சியிலிருந்து புதுப் பதிப்பு வாங்கி ஏற்றினோம். மறுநாள் மூன்று மணிக்குப் போன் அடிக்கும். ஜெசி கடிகாரமே பார்க்க மாட்டாள். அவர் கூப்பிட்டால் மூன்று மணி.

நான்காவது வாரம் பஸ் ஏறி நேரிலேயே போய்விட்டேன். மூன்று மணிக்கு எதிர்க்கடையின் தகரக் கூரையில் வெயில் பட்டு, தெறித்து, நேராக அவருடைய திரையில் விழுந்தது. திரை அணையவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மேஜையை இரண்டு முழம் நகர்த்தி வைத்தோம். அவர் நீண்ட நேரம் திரையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இத்தனை அப்டேட் போட்டீங்களே, அந்த வெயிலுக்கு ஒண்ணு போட முடியாதாம்மா?”

கொச்சிக் கடிதம்

ஒரு திங்கட்கிழமை காலை கொச்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. குமுளி அலுவலகத்தை மூடப்போகிறார்கள். இனி எல்லா அழைப்புகளும் கொச்சிக்கே போகும். எங்களுக்கு இரண்டு வழி: கொச்சிக்கு வந்து போனில் உட்காரலாம்; அல்லது புரோக்ராம் எழுதும் குழுவின் தேர்வில் தேறி, வீட்டிலிருந்தே அந்த வேலையைப் பார்க்கலாம். மூன்றாவது வழியை எழுதவில்லை. எழுதாமலே புரிந்தது.

என் கணவர் கணேசன் குமுளியில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். மகள் பத்தாம் வகுப்பு. கொச்சிக்குப் போனால் வீடு இரண்டாகும். “தேர்வு எழுது” என்று அவர் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார். ஜெசியின் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே கொச்சியில்தான் வேலை. நீயும் என்னோடு எழுதேன் என்றதற்கு அவள் சொன்னாள்: “கொச்சிக்குப் போனாலும் வேர்க்கும், பரீட்சை எழுதினாலும் வேர்க்கும். எனக்கு அந்தக் கொச்சி வேர்வையே போதும் சேச்சி.”

முதல் சனிக்கிழமை

தேர்வு ஒரே ஒரு கணக்கு. மூன்று சனிக்கிழமை, மூன்று வாய்ப்பு. புரோக்ராம் சரியான விடை தந்தால் மட்டும் போதாது, ஏன் அது சரி என்று வாயால் விளக்கவும் வேண்டும். நடத்துகிறவர் பிஜு சார், கொச்சியில் புரோக்ராம் எழுதுகிறவர்களின் தலைவர். வீடியோவில் அவர் முகம் பாதியும் அவர் அறை மின்விசிறி பாதியும் தெரியும்.

கணக்கு இதுதான். ஒரு வரிசை, எல்லா இடத்திலும் பூஜ்யம். அதை அவர்கள் கேட்கும் வரிசையாக மாற்ற வேண்டும். உதாரணத்துக்கு இரண்டு, மூன்று, ஒன்று, நான்கு. ஒரு தடவைக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: பக்கத்துப் பக்கத்து இடங்களை, எத்தனை வேண்டுமானாலும், சேர்த்துப் பிடித்து ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டலாம். நடுவில் ஒன்றை விட்டுத் தாண்டக் கூடாது. குறைந்தது எத்தனை தடவையில் முடியும்? பேப்பரில் போட்டால் சுலபம். முதலில் நான்கு இடத்துக்கும் ஒன்று. அப்புறம் முதல் இரண்டு இடத்துக்கு ஒன்று. இரண்டாவதற்கு மட்டும் இன்னொன்று. கடைசி இடத்துக்கு மூன்று. மொத்தம் ஆறு.

கை எப்படிச் செய்ததோ அதையே புரோக்ராமாக எழுதினேன். எவ்வளவு நீளமாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு பிடி, ஒன்று கூட்டு, மறுபடி பார், மறுபடி பிடி. நூற்று அறுபது வரி. சின்ன வரிசைகளுக்கு டக் டக்கென்று விடை வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு பிஜு சார் அவருடைய ரகசிய வரிசையைப் போட்டார். லட்சம் இடம், ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கில் எண். புரோக்ராம் ஒன்று ஒன்றாகக் கூட்ட ஆரம்பித்தது. கூட்டிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் சொன்னார்: “விடை கரெக்டாத்தான் வரும் சேச்சி, அதில எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அது வரும்போது நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்.”

தட்டை உச்சி

அடுத்த ஒரு வாரம் எண்களை மலை மாதிரி வரைந்து பார்த்தேன். இரண்டு, மூன்று ஏற்றம், ஒன்று பள்ளம், நான்கு மறுபடி உச்சி. உச்சிகளைக் கூட்டி, நடுவிலுள்ள பள்ளங்களைக் கழித்தால்? மூன்றும் நான்கும் ஏழு, அதில் ஒன்று போனால் ஆறு. சரியாக வந்தது. இன்னும் இருபது வரிசை போட்டேன், இருபதும் சரி. ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதே இல்லை, வரிசையில் ஒரு நடை நடந்தால் போதும். இரண்டாவது சனிக்கிழமை புதுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வீடியோவில் தெரியப்போவது கழுத்துக்கு மேலேதான் என்பது தெரியும்.

ரகசிய வரிசைகள் ஒன்பது தேறின. பத்தாவது தவறு. அதில் ஐந்தும் ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தன. இருபுறமும் உள்ளதைவிடப் பெரியதைத்தான் உச்சி என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு ஐந்தில் எதுவும் மற்றதைவிடப் பெரிதில்லை; ஆகவே என் புரோக்ராமுக்கு அங்கே மலையே இல்லை. அதை அங்கேயே ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கிழிந்தது. போதாததற்கு, “ஏன் உச்சியைக் கூட்டிப் பள்ளத்தைக் கழிக்கணும்?” என்று அவர் கேட்டபோது, “வருது சார்” என்று மட்டும் சொன்னேன். பிஜு சார் கடுமையாகப் பேசுகிறவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சேச்சி, இடுக்கியில பிறந்து வளர்ந்துட்டு, மலை உச்சி தட்டையாவும் இருக்கும்னு மறந்துட்டீங்களே.”

பேராசை

இனி ஒரே வாய்ப்பு. மேஜையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவில் படித்தேன். இந்த மாதிரிக் கணக்குகளுக்கு ஒரு முறை உண்டு. முன்னும் பின்னும் ரொம்ப யோசிக்காமல், இந்த இடத்தில் இப்போது எது நல்லதோ அதை எடுத்துக்கொண்டு நகர்வது. எடுத்ததைத் திரும்பிப் பார்த்து வருந்தாமல் இருப்பது. அதற்குப் பேராசை முறை என்று பெயர். பல கணக்குகளில் இப்படிப் போனால் குழியில் விழுவோம். சிலவற்றில் மட்டும் அது நேராகச் சரியான விடையில் கொண்டுபோய் விடும். என் கணக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் பாக்கி.

குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா அப்போதுதான் கூப்பிட்டார். அவர் பேசிக்கொண்டிருந்தார், என் கண் காகிதத்தில் இருந்தது. “இது பேராசைதான், சந்தேகமே இல்ல” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிறகு ரொம்ப நிதானமாக அவர் கேட்டார்: “லேபிள்ல ரெண்டு காப்பி வருமான்னு கேட்டேன், அது பேராசையா?”

கம்பம் பஸ்

கடைசிச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் கணேசனின் அத்தை மகளுக்குக் கம்பத்தில் கல்யாணம். காகிதத்தை வைத்துவிட்டு வா என்று கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார். காலை பஸ், கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. அங்கிருந்து எல்லாத் தலையும் தெரியும். மலை இறக்கத்தில் வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். குமுளியில் கிளம்பும்போது இருபத்தொன்று. லோயர் கேம்ப் தாண்டியதும் எண்ணினால் இருபத்தாறு.

அப்படியென்றால் அங்கே குறைந்தது ஐந்து பேர் ஏறியிருக்க வேண்டும். அதற்கும் கீழே வாய்ப்பே இல்லை. அடுத்த நிறுத்தம் தாண்டியதும் பத்தொன்பது. குறைந்திருக்கிறது, அங்கே யாருமே ஏறாமல்கூட இருந்திருக்கலாம். கூடலூரில் முப்பத்தொன்று, குறைந்தது பன்னிரண்டு பேர் ஏறினார்கள். இருபத்தொன்று, ஐந்து, பன்னிரண்டு. முப்பத்தெட்டு. இதற்குக் குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு இந்தப் பஸ்ஸில் இத்தனை தலையைக் காட்ட யாராலும் முடியாது. சரியாக முப்பத்தெட்டுப் பேரை வைத்துக் காட்ட முடியும். கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையின் உறையைக் கிழித்து எழுத ஆரம்பித்தேன். ஒரு பயணி ஒரு இடத்தில் ஏறி ஒரு இடத்தில் இறங்குகிறார். நடுவிலுள்ள ஒவ்வொரு தூரத்திலும் ஒரு தலை கூடுகிறது. நடுவில் எகிறிக் குதித்து மறுபடி ஏறுவதில்லை. என் கணக்கில் பக்கத்துப் பக்கத்து இடங்களைப் பிடித்து ஒன்று கூட்டுவது அதேதான். உச்சியும் வேண்டாம் பள்ளமும் வேண்டாம். எண் ஏறினால் ஏறிய அளவைக் கூட்டு. சமமோ இறக்கமோ என்றால் சும்மா நகர். உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினேன். கணேசன் பஸ் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நான் தலைகளை எண்ணுவதையும் எழுதுவதையும் கண்டக்டர் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து, “செக்கிங்கா அக்கா?” என்றார் மெதுவாக. இல்லை தம்பி, எத்தனை பேர் ஏறியிருக்கணும்னு ஒரு கணக்கு என்று உறையை நீட்டினேன். வாங்கி மேலிருந்து கீழே படித்தார். திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. “எறங்குனவுகள எண்ணவே இல்லையே, அப்ப இது செக்கிங் இல்லதான்.”

மூன்றாவது சனிக்கிழமை

இந்தத் தடவை வீடியோவில் இன்னொரு முகமும் இருந்தது: கம்பெனியின் முதலாளியம்மா. அலுவலகத்தை மூடும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். புரோக்ராமைத் திரையில் காட்டினேன். நான்கு வரி. பிஜு சார் கீழே இழுத்துப் பார்த்தார், மீதியைக் காணோம் என்று. “இவ்வளவுதான் சார்” என்றேன்.

“இதைவிடக் குறைஞ்ச தடவையில முடியவே முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்று முதலாளியம்மா கேட்டார். போன வாரம் “வருது சார்” என்று நான் சமாளித்த ‘ஏன்’தான் இது. கம்பம் பஸ்ஸைச் சொன்னேன். இருபத்தொன்றாக இருந்த தலை, ஐந்து பேர் ஏறாமல் எப்படி இருபத்தாறாக வரும் என்று நான் அவரையே திருப்பிக் கேட்டேன். கேட்ட பிறகுதான் முதலாளியிடம் கேள்வி கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. அவர் யோசித்தார். “வராது” என்றார். “சரி, அப்போ எண் சமமா நின்னா?” என்று அடுத்துக் கேட்டார். “யாரும் ஏற வேண்டாம் மேடம்.” தட்டை உச்சிக்குத் தனியாக ஒரு வரிகூட இல்லை என்பதைப் பிஜு சார் அப்போது கவனித்தார், கண்ணாடியைக் கழற்றாமல் திரைக்கு வெகு அருகில் வந்தார்.

பிறகு ரகசிய வரிசைகள். லட்சம் இடம், கோடி எண்கள், இரட்டை ஐந்து, எல்லாமே பூஜ்யம், ஒரே ஒரு எண் மட்டும் உள்ள வரிசை என்று அவர்களிடம் இருந்த அத்தனையும். பட்டனை அமுக்கினேன். அமுக்கிய விரலை எடுப்பதற்குள் மேலிருந்து கீழே எல்லாம் பச்சை. “ஓடலைன்னு தோணுது, இன்னொரு தடவை அமுக்குங்க” என்றார் பிஜு சார். அமுக்கினேன். மறுபடியும் எல்லாம் பச்சை. கேமராவுக்குத் தெரியாமல் மேஜைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஜெசி என் முழங்காலைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பார்த்தால் நான் அழுதுவிடுவேன். முதலாளியம்மா திரையில் பிஜு சார் இருந்த சதுரத்தைப் பார்த்துக் கேட்டார்: “இவங்களைப் பத்து வருஷம் போன்ல உட்கார வெச்சது யாரு, பிஜு?”

எட்டுத் தட்டு

புரோக்ராம் எழுதும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். சாந்தன்பாறையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தங்கராசு அண்ணன் என் சொந்த நம்பருக்கே கூப்பிட்டார். பழைய வாடிக்கையாளர், கொச்சி நம்பரை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டோர் கம்ப்யூட்டரில் ஏதோ சின்னக் கோளாறு, இரண்டு நிமிடத்தில் சரியானது. போனை வைக்காமல் புலம்பினார். தோட்டம் சரிவில் படிப்படியாக வெட்டிய எட்டுத் தட்டு நிலம், தண்ணீர் இறைக்கப் பழைய டீசல் இன்ஜின். அதைக் கிளப்புவதற்குள் ஆளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடுகிறதாம். இந்த வாரம் பதினாலு தடவை கிளப்ப வேண்டியிருக்கிறது, ஆள் முடியாது என்கிறான் என்றார்.

எந்தத் தட்டுக்கு எத்தனை நனைப்பு என்று கேட்டேன். வெயில் படும் தட்டுக்கு அதிகம், நிழல் தட்டுக்குக் குறைவு: ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. ஒரு தடவை கிளப்பினால் குழாயை ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு இழுத்துக்கொண்டே போகலாமா என்றேன். போகலாம், நடுவில் விட்டுத் தாண்டத்தான் முடியாது என்றார். என் தேர்வுக் கணக்கேதான். அவர் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகக் கிளப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஏறும் இடங்களை மட்டும் கூட்டினேன்: ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. “நாலு தடவை போதும்ணே” என்றேன். நம்பவில்லை. எந்தத் தட்டில் தொடங்கி எதில் நிறுத்த வேண்டும் என்று நான்கையும் சொல்லி எழுத வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கூப்பிட்டார். எட்டுத் தட்டும் நனைந்துவிட்டது, நாலே தடவை, ஆள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான் என்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். “பத்து வருசமா எப்பப் போன் போட்டாலும் ரீஸ்டார்ட் பண்ணுங்கண்ணேன்னுதான் சொல்லுவ தாயி. ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு நீ சொன்னது இதுதான் மொதத் தடவ.”

முன்பெல்லாம் கொச்சிக்காரர்கள் செய்த தப்புக்கு நான் குமுளியிலிருந்து மன்னிப்புக் கேட்டேன், இப்போது குமுளியிலிருந்து நான் செய்கிற தப்புக்குக் கொச்சியில் வேர்க்க வேர்க்க ஜெசி மன்னிப்புக் கேட்கிறாள், உத்தியோக உயர்வு என்றால் இவ்வளவுதான்.